தூக்கமின்மைக்கு விழிப்புணர்வு தியானம்: எட்டு வாரச் செய்முறை

படுத்துக்கொண்டே தியானம் செய்து தூக்கத்தை வரவழைக்கப் பார்ப்பதுதான் இதில் நடக்கும் முதல் தவறு. இரண்டு நாள் பலிக்கும். மூன்றாம் நாள், "இவ்வளவு நேரம் மூச்சைக் கவனித்தாயிற்று, இன்னும் தூக்கம் வரக் காணோமே" என்று மனசு எட்டிப் பார்க்கும். அந்த நொடியில் தியானம் தூக்க மாத்திரையின் வேலையை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அந்த வேலை அதற்கு வராது. ஆகவே இந்தச் செய்முறையில் படுக்கையில் தியானம் கிடையாது. பகலிலோ சாயங்காலத்திலோ உட்கார்ந்து பழகுகிறோம். பழகிய கையோடு ராத்திரி இரண்டரை மணியை எதிர்கொள்கிறோம்.

வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதத்துக்கு மேலாக, தூங்க நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் பிடிக்காமலோ நடுவில் விழித்தோ அவதிப்படுபவர்களுக்காக எழுதியது இது. பரீட்சைக்கு முந்தைய நாள், கல்யாண வீட்டுக்கு அடுத்த நாள் தூக்கம் வராமல் போவதெல்லாம் இதில் சேராது. அது தானாகச் சரியாகிவிடும்.

யார் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்

பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவது: இவை தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயின் அறிகுறிகள். இதற்குத் தியானம் மருந்தே அல்ல. படுத்ததும் காலில் ஏதோ ஊர்வதுபோல் இருந்து, காலை ஆட்டினால் மட்டும் அடங்குகிறதென்றால் உடம்பில் இரும்புச்சத்து குறைவா என்று ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் தூக்கம் கெடும்.

வலிப்பு நோய் இருப்பவர்கள், மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், முன்பு மனச்சிதைவு வந்தவர்கள், பஸ், லாரி ஓட்டுபவர்கள், உயரத்தில் ஏறி வேலை பார்ப்பவர்கள் ஆகியோர் கீழே வரும் படுக்கை நேரக் குறைப்பை மருத்துவர் துணையில்லாமல் செய்யக் கூடாது. பெரிய விபத்தோ வன்முறையோ மனதில் ஆறாமல் இருப்பவர்களுக்குக் கண்ணை மூடி உட்காரும்போது அந்த நினைவுகள் வெள்ளமாக வரலாம். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல், ஓர் ஆலோசகரின் துணையோடு தொடங்க வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் கூடவே வந்தால் தூக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி மனாஸ் என்னும் அரசு மனநல உதவிச் சேவைக்கு எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவர்கள் தியானம் தொடங்கிய உற்சாகத்தில் அதைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அல்பிரசோலம், குளோனசிபாம் வகை மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தூக்கம் முன்னைவிட மோசமாகக் கெடும், சிலருக்கு வலிப்பே வரும். எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தூக்கம் கெட்டது ஏன், கெட்டே கிடப்பது ஏன்

தூக்கம் முதலில் கெட ஒரு காரணம் இருக்கும்: பிரசவம், கடன், ஷிஃப்ட் மாறியது, வீட்டில் ஒரு சாவு. அந்தக் காரணம் போன பிறகும் தூக்கம் திரும்பாமல் இருப்பதற்குக் காரணம் வேறு. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மேன் 1980களில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். தூக்கம் போனதும் நாம் செய்யும் பரிகாரங்களே அதை நிலைக்கவைக்கின்றன என்பது அவர் சொன்னதன் சாரம். சீக்கிரமே போய்ப் படுப்பது, விடிந்த பிறகும் படுத்தே கிடப்பது, ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி நேரம் ஈடு கட்டுவது, ராத்திரி மணி பார்த்துக்கொண்டே இருப்பது எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

தியானம் பிடிக்கும் இடம் இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. ராத்திரி நடப்பதைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். கண் விழிக்கிறது. கை தன்னால் போனை எடுக்கிறது. மணி 2.40. "5.30க்கு எழுந்திரிக்கணும். இப்பவே தூங்கினாக்கூட 2 மணி 50 நிமிஷம்தான். நேத்தும் இதே கதை. நாளைக்கு மீட்டிங்ல என்ன உளறப்போறேனோ." தாடை இறுகுகிறது, தோள் காதுப் பக்கம் ஏறுகிறது, நெஞ்சு வேகமாக அடிக்கிறது. இதில் விழிப்பு வந்தது ஒன்று. விழிப்பைப் பற்றிய கவலை இன்னொன்று. முதலாவதை நம்மால் நேரடியாக ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது ஓர் எண்ணம்தான் என்று அந்த நேரத்திலேயே கண்டுகொள்ள முடிந்தால் தாடை இளகும், தோள் இறங்கும். இவ்வளவுதான் தியானத்தின் வேலை. தூக்கத்தைக் கொண்டுவருவது அதன் வேலை இல்லை. விழித்திருந்த நேரமும் இரவும் பகலும் ஓடும் உடலின் கடிகாரமும் அதைப் பார்த்துக்கொள்ளும்.

இன்று உலகம் முழுக்கச் சொல்லித்தரும் எட்டு வார விழிப்புணர்வு தியான வகுப்பின் அமைப்பு 1979இல் ஜான் கபட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கியதிலிருந்து வருகிறது. அவர் அதை வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்தவர்களுக்காக அமைத்தார். ஜேசன் ஓங் என்ற உளவியலாளர் அதனோடு தூக்கச் சிகிச்சையின் படுக்கை விதிகளையும் சேர்த்துத் தூக்கமின்மைக்கென்றே தனிமுறை ஒன்றை உருவாக்கினார். 54 பேரை வைத்து அவர் குழு நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவான தியான வகுப்புக்குப் போனவர்களைவிட இந்தக் கலப்பு முறையில் பழகியவர்களுக்கே மாதங்கள் கழித்தும் தூக்கமின்மையின் கடுமை அதிகம் குறைந்திருந்தது. நாம் இங்கே சொல்வதும் அந்தக் கலப்பு வழியில்தான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர்கள் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் நடத்தைச் சிகிச்சையை, தியானத்தை அல்ல. அதைத் தரும் பயிற்சி பெற்றவர் உங்கள் ஊரில் இருந்தால் அவரிடமே போங்கள். பெரும்பாலான ஊர்களில் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை. அதனால்தான் இந்தச் செய்முறை.

தொடங்கும் முன் இரண்டு வாரக் குறிப்பு

ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் ஐந்து விஷயம்: எப்போது படுத்தீர்கள், தூக்கம் வர உத்தேசமாக எவ்வளவு நேரம் ஆனது, நடுவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள், கடைசியாக எப்போது விழித்தீர்கள், படுக்கையைவிட்டு எப்போது எழுந்தீர்கள். எல்லாம் குத்துமதிப்புதான். சரியாக எழுத வேண்டுமென்று ராத்திரி மணி பார்த்தால் குறிப்பே நோயாகிவிடும். தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரத்தை இந்த எட்டு வாரமும் கழற்றி பீரோவில் வையுங்கள். படுத்து அசையாமல் விழித்துக் கிடப்பதை அது பல நேரம் தூக்கம் என்றே கணக்கில் எழுதிவிடும். காலையில் அது காட்டும் எண்ணைப் பார்த்து நாள் முழுக்க வருத்தப்படுவது வேறு.

பகல் பயிற்சி

நேரம்: தூங்கப்போவதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னால். காலைக் காபிக்கு முன்னாலும் செய்யலாம், விளக்கு வைக்கும் நேரத்திலும் செய்யலாம். சாப்பிட்டவுடன் வேண்டாம், உண்ட மயக்கத்தில் தலை ஆடும். முதல் வாரம் 10 நிமிடம், இரண்டாம் மூன்றாம் வாரம் 20 நிமிடம், நான்காம் வாரத்திலிருந்து 30 நிமிடம். வாரத்துக்கு ஆறு நாள். ஏழாவது நாள் விட்டாலும் குற்றமில்லை.

கைப்பிடியில்லாத மர நாற்காலி போதும். பாதம் இரண்டும் தரையில் படியட்டும். சம்மணம் வசதியென்றால் தரையில் நான்காக மடித்த போர்வை போட்டு இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி உட்காருங்கள். அந்த உயரம் இல்லையென்றால் பத்தாவது நிமிடத்தில் கீழ்முதுகு வளைந்து வலிக்கும், கால் மரத்துப்போகும். போனில் டைமர் வைத்து, விமானப் பயன்முறையில் போட்டு, கை எட்டாத தூரத்தில் வையுங்கள்.

1. முதல் ஒரு நிமிடம் உடம்பு எங்கெல்லாம் எதன்மீது அழுந்துகிறது என்று பாருங்கள்: பாதம் தரையில், தொடை பலகையில், கை தொடையில்.

2. மூச்சு தெளிவாகத் தெரியும் ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். மூக்குத் துவாரத்தின் விளிம்பு, நெஞ்சு, அடிவயிறு மூன்றில் ஒன்று. அன்று முழுக்க அதே இடம். நிமிடத்துக்கொரு தரம் மாற்றினால் மனசு அதையே விளையாட்டாக்கிக்கொள்ளும்.

3. மூச்சை இழுக்க வேண்டாம், நீட்ட வேண்டாம், அடக்கவும் வேண்டாம். தன் போக்கில் வரும் மூச்சு வருவதும் போவதும் தெரிந்தால் போதும். பிராணாயாமம் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம், கை வைக்காமல் அவர்களால் இருக்க முடியாது.

4. மனசு போய்விடும். போனதைக் கண்டதும் ஒரே சொல்லில் பெயர் வையுங்கள்: "கணக்கு", "கவலை", "ஞாபகம்", "திட்டம்". மனதுக்குள் ஒரே ஒரு தரம். பிறகு மூச்சுக்குத் திரும்புங்கள். போனதற்காகத் திட்டிக்கொண்டால் அதற்கும் பெயர் உண்டு: "கண்டிப்பு".

5. நான்காம் வாரம் முதல் கடைசி 10 நிமிடத்தில் மூச்சை விட்டுவிட்டு உடம்பை வலம் வாருங்கள். இடது கால் விரலில் தொடங்கி, பாதம், கெண்டைக்கால், முட்டி, தொடை, பிறகு வலது கால், இடுப்பு, வயிறு, நெஞ்சு, கைகள், கழுத்து, தாடை, நெற்றி. ஓர் இடத்துக்கு நாலைந்து மூச்சு நேரம். எதையும் தளர்த்த முயல வேண்டாம். இறுக்கம் இருந்தால் இறுக்கம், மரத்திருந்தால் மரத்திருக்கிறது, ஒன்றும் தெரியாவிட்டால் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவே.

பக்கத்து அறையில் சீரியல் ஓடும், குக்கர் விசிலடிக்கும், கோயிலில் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். எல்லாம் அடங்கட்டும் என்று காத்திருந்தால் எட்டு வாரமும் காத்திருக்க வேண்டியதுதான். சத்தம் வந்தால் "சத்தம்" என்று பெயரிட்டுத் திரும்புங்கள். ராத்திரி தெருநாய் குரைக்கும்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

எங்கெல்லாம் கோளாறாகும்

மூச்சைக் கவனித்தாலே நெஞ்சு அடைப்பதுபோலவும் தலை சுற்றுவதுபோலவும் சிலருக்கு இருக்கும். தெரியாமலே பெரிது பெரிதாக மூச்சு விட்டிருப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும். மூச்சை விட்டுவிடுங்கள். உள்ளங்கால் தரையில் படும் உணர்வையோ மின்விசிறிச் சத்தத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் அதையே செய்தாலும் பலன் குறையாது. உட்காராத நேரத்திலும் நெஞ்சு அடைத்தால் அது வேறு விஷயம், மருத்துவமனைக்குப் போங்கள்.

உட்கார்ந்ததும் தூங்கி விழுபவர்கள் முதுகை எதிலும் சாய்க்காமல், கண்ணைப் பாதி திறந்து, நாலடி தூரத்துத் தரையைப் பார்த்தபடி செய்யலாம். அதுவும் முடியாவிட்டால் நின்றுகொண்டோ மொட்டை மாடியில் மெதுவாக நடந்துகொண்டோ செய்யலாம். நடக்கும்போது மூச்சுக்குப் பதிலாகக் குதிகால் பதிவது, பாதம் உருள்வது, விரல் உந்துவது ஆகியவற்றைக் கவனிக்கிறோம்.

செயலியில் வரும் குரலைக் கேட்டுச் செய்வது முதல் இரண்டு வாரத்துக்கு நல்லது. பிறகு விட்டுவிடுங்கள். ராத்திரி அந்தக் குரல் இல்லாமல் தூங்க முடியாது என்றாகிவிட்டால் ஓர் ஊன்றுகோலுக்குப் பதில் இன்னொன்று. குரல் நின்றதும் திடுக்கென்று விழிப்பவர்களும் உண்டு.

எல்லாவற்றையும்விடத் தந்திரமானது எட்டிப் பார்த்தல். "பதினைந்து நாளாகச் செய்கிறேன், நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் கூடியது?" இதுவும் ஓர் எண்ணம்தான், பெயரிட வேண்டிய எண்ணம்: "சோதனை". பயிற்சி நன்றாக நடந்ததா என்பதை அன்றைய தூக்கத்தை வைத்து மார்க் போடாதீர்கள். உட்கார்ந்தீர்களா இல்லையா என்பது மட்டுமே மார்க்.

அசதி வேறு, தூக்கம் வேறு

மூன்றாம் வாரத்தில் இதைத் தனியாகப் பழக வேண்டும், ஏனென்றால் படுக்கை விதி முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. அசதி என்பது உடம்பு துவண்டு, வேலை செய்யத் தெம்பில்லாமல், ஆனால் தலைக்குள் மட்டும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும் நிலை. தூக்கம் என்பது கண் சொக்குவது, இமை தானாக இறங்குவது, படித்த வரியையே திரும்பப் படிப்பது, தலை முன்னால் சரிவது. தூக்கமின்மைக்காரர்கள் பெரும்பாலும் அசதியில் போய்ப் படுக்கிறார்கள், தூக்கத்தில் அல்ல. தினமும் மாலை ஏழு, எட்டு, ஒன்பது, பத்து மணிக்கு ஒரு நிமிடம் நின்று, "இப்போது இருப்பது எது?" என்று உடம்பைக் கேட்டு நோட்டில் அ அல்லது தூ என்று எழுதுங்கள். ஒரு வாரத்தில் தூக்கம் உண்மையில் எத்தனை மணிக்கு வருகிறதென்று தெரிந்துவிடும். பலருக்கு அது நினைத்ததைவிட ஒன்றரை மணி நேரம் பிந்தியிருக்கும்.

படுக்கை நேரக் கணக்கு

நான்காம் வாரத்தில் தொடங்குகிறது இது. நோட்டில் இருக்கும் தூக்க நேரத்தின் சராசரியை எடுங்கள். ஒருவர் 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுகிறார், படுக்கையில் 8 மணி நேரம், தூங்கியது சராசரி ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்தில் ஐந்தரை, ஏறக்குறைய 69 சதவீதம். மீதி இரண்டரை மணி நேரமும் படுக்கை அவருக்குப் போர்க்களம். ஐந்தரையோடு அரை மணி சேர்த்து 6 மணி நேரம் மட்டும் படுக்கைக்குக் கொடுக்க வேண்டும். எழுவது 5.30 என்று முடிவு செய்தால் படுப்பது இரவு 11.30. சராசரி எவ்வளவு குறைவாக இருந்தாலும் 5 மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. எழும் நேரம் ஞாயிறு, தீபாவளி எதற்கும் மாறாது.

ஒரு வாரம் கழித்துக் கணக்குப் பாருங்கள். படுக்கையில் இருந்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல், அதாவது இந்த உதாரணத்தில் 5 மணி 6 நிமிடத்துக்கு மேல் தூங்கியிருந்தால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் இன்னொரு வாரம் அப்படியே. முதல் பத்து நாள் பகலில் கண் எரியும், எரிச்சல் வரும், கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அந்த நாட்களில் இரவு நேரத்தில் வண்டி ஓட்டாதீர்கள். இந்தக் கஷ்டம் தெரியாமல் தொடங்குபவர்கள் ஆறாவது நாள் "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பகல் தூக்கம் பொங்கி வருவதுதான் முறை வேலை செய்வதற்கு அடையாளம்.

காபியைப் பற்றி இரண்டு வரி. உடம்பில் காஃபின் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஐந்து மணி டம்ளரில் பாதி ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே இருக்கும். மதியத்தோடு நிறுத்துங்கள், டீயும் அதில் சேர்த்தி. மது சீக்கிரம் தூங்கவைத்துப் பின்னிரவில் எழுப்பிவிடும்.

ராத்திரி செய்ய வேண்டியது

படுக்கையறைக் கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். போன் தலைமாட்டில் வேண்டாம், அலாரம் அடித்தால் கேட்கும் தூரத்தில் போதும்.

கண் சொக்கும்போது மட்டும் படுங்கள். விழித்துக்கொண்டு, உத்தேசமாக இருபது நிமிடம் ஆனதுபோல் தோன்றினாலோ, மனசு கணக்குப் போடத் தொடங்கினாலோ எழுந்துவிடுங்கள். மணி பார்க்க வேண்டாம். புரண்டு புரண்டு படுப்பதே அறிகுறி. இன்னோர் அறைக்குப் போய் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீடாக இருந்தால் பாயைவிட்டு எழுந்து சுவரோரம் மடித்த போர்வையில் உட்கார்ந்தால் போதும். படுக்கும் இடமும் விழித்திருக்கும் இடமும் வேறாக இருக்க வேண்டும், அதுதான் விதி. படுக்கையை தூக்கத்தோடு மட்டும் முடிச்சுப்போடும் இந்த விதியை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்தார். இன்றுவரை மாறவில்லை.

அங்கே உட்கார்ந்து தூக்கத்துக்காகத் தியானம் செய்யாதீர்கள். உட்கார்ந்திருங்கள். இப்போது உடம்பில் எங்கே பிடித்திருக்கிறது? தாடையா, புருவ நடுவா, வயிறா? அந்த இடத்தைப் பாருங்கள். "நாளைக்கு என்ன ஆகும்" என்று வந்தால் "கவலை". "இன்னும் எவ்வளவு நேரம்" என்று வந்தால் "கணக்கு". "எனக்கு மட்டும் ஏன்" என்று வந்தால் "புலம்பல்". விழித்திருப்பது விழித்திருப்பதாக மட்டும் இருக்கட்டும். மின்விசிறிச் சத்தம், தூரத்தில் ரயில், பக்கத்தில் தூங்குபவரின் மூச்சு. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்பதையும் பாருங்கள். கண் சொக்கியதும் போய்ப் படுங்கள். அரை மணி கழித்து மறுபடி விழித்தால் மறுபடி எழுந்திருங்கள். ஒரே ராத்திரியில் நான்கு தடவை எழ நேர்ந்தாலும் விதி அதேதான்.

வாட்ஸப், பரண் ஒழிப்பது, காலைச் சமையலுக்குக் காய் நறுக்குவது இதெல்லாம் அந்த நேரத்துக்கு ஆகாது. விழித்திருப்பதற்குக் கூலி கொடுத்தால் உடம்பு தினமும் அந்த நேரத்துக்கு வேலைக்கு வந்து நிற்கும்.

எட்டு வாரம் முடிந்த பிறகு

படுக்கை நேரத்தில் 85 சதவீதம் தூக்கம் நிலைத்து, பகலில் தெளிவாக இருக்க முடிகிறதென்றால் நேரத்தை நீட்டுவதை அங்கே நிறுத்திவிடலாம். எல்லோருக்கும் எட்டு மணி நேரம் என்ற கணக்கு இல்லை. பயிற்சியை நாளுக்கு 10 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம், மொத்தமாக நிறுத்த வேண்டாம். எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் நோட்டில் மாற்றமே இல்லையென்றால் அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வாய்ப்பேச்சைவிட அந்த நோட்டு அவருக்கு அதிகம் சொல்லும்.

ஆறு மாதம் கழித்து ஒரு ராத்திரி பழையபடி கொட்டக் கொட்ட விழிக்க நேரும். மறுநாள் சீக்கிரம் படுக்காதீர்கள், மதியம் தூங்காதீர்கள், எழும் நேரத்தை மாற்றாதீர்கள். வழக்கமான நேரத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். அதே ஆட்டம் வாரத்துக்கு மூன்று நாளாகி இரண்டு வாரம் நீடித்தால் மட்டும் நோட்டை மறுபடி திறந்து, படுக்கை நேரக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.